காரின் ஆக்சில் மாற்றுதல்

அச்சு என்பது நமக்குப் பழகிய சொல். மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். ஆனால் மாட்டுவண்டியின் அச்சு சுழல்வதில்லை. சக்கரந்தான் அதன்மேல் சுழல்கிறது. நாம் இன்று பேசும் காரின் அச்சோ, தானும் சுழன்று சக்கரத்தையும் சுழற்றுவது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இதனை ‘இயக்கு அச்சு’ என்று எழுதத் தோன்றும்; திருவனந்தபுரத்து உதிரிபாகக் கடையில் அவ்வாறு கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். ஆக்சில் என்றால் தமிழருக்கும் மலையாளிக்கும் ஒருங்கே விளங்கும். நாமும் அப்படியே வழங்குவோம்.

அம்பாசடர் காரில் உந்தும் வேலை பின்சக்கரத்துக்கு, திருப்பும் வேலை முன்சக்கரத்துக்கு. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை உற்பத்தியான மாருதி 800-இலோ இரு வேலையும் முன்சக்கரங்களின் தலையில் விழுந்தன. திரும்பி நிற்கும் சக்கரத்துக்கும் விசை தடையின்றிச் செல்லவேண்டும் அல்லவா? அதற்காகவே ஆக்சிலின் வெளிமுனையில் எஃகுக் குண்டுகள் அடங்கிய மூட்டு ஒன்று உண்டு. 1920-களில் ஆல்பிரட் ஷெப்பா என்பவர் வகுத்த முறை அது. அதனைக் கிரீஸோடு பொதிந்து காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை.

எஃகு உறுதியாயிருக்க, முதலில் கெடுவது இந்த ரப்பரே. ஆண்டில் இரு பருவமழை காணும் இவ்வூரில், உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே சிதறும். சேறும் மணலும் உள்ளே புகும். முழுக்கத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்ற ஒலி கேட்டால் மூட்டுத் தேய்ந்தது என்று கொள்ளலாம். அந்நிலையில் களியக்காவிளை தாண்டி ஊருக்குப் புறப்படுவது தகாது. ஒரு பக்க மூட்டு உடைந்தாலும், டிபரென்ஷியலின் இயல்பால் சுழற்சியெல்லாம் அவ்வழியே வீணாகும். நல்ல பக்கச் சக்கரமும் அசையாது.

வீட்டிலேயே மாற்ற விழைவோர் முதலில் முற்றத்தைப் பாருங்கள். குன்றும் சரிவுமான நகரம் இது. ஒரு பக்க ஆக்சிலைக் கழற்றிவிட்டால், கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும். இதனை அறியாதவர் பலர். ஆகவே சமதரை வேண்டும். கைப்பிரேக்கும், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளும் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். பின்னர் வண்டியை உயர்த்தி, சக்கரத்தைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். கீழ்க்கையின் பந்து மூட்டைப் பிரித்தால் ஹப் வெளியே நகரும். ஆக்சில் முனை அதிலிருந்து விடுபடும். சுத்தியலால் மரையின்மேல் அடிக்கலாகாது. மரக்கட்டை வைத்துத் தட்டலாம். உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுக்கும்போது ஆயில் சீல் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலைத் தண்டைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டுப் பிரிந்துவிடும்.

இடது ஆக்சிலும் வலது ஆக்சிலும் ஒரே நீளமல்ல. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே பொருத்துங்கள். சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, உள்வளையம் ‘டக்’கென்று அமரும்வரை அழுத்துக. மூட்டின் கூட்டைப் பிடித்து இழுத்து, அமர்ந்ததா என்று சோதிக்க. பிறகு ஹப், பந்து மூட்டு, சக்கரம்.

ஆக்சில் நட்டு புதிதாகவே இருக்கட்டும். இறுக்க வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். 200 நியூட்டன் மீட்டர் என்று கண்டால் மலைக்கவேண்டாம். 1 மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 20 கிலோ எடை தொங்குவதற்கு ஏறத்தாழ ஈடு. சக்கரம் தரையில் ஊன்றிய பிறகே அந்த இறுக்கம். வண்டியை அதுவரை உருட்டக்கூடாது. ஹப்பின் பேரிங் கெடும். பின் நட்டின் விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடித்து, கியர் ஆயிலை நிரப்புக.

மெல்ல ஓட்டி, இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அன்றிரவு வண்டியின் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் எண்ணெய்ப் பொட்டுத் தெரிந்தால், சீலை மறுபடி பார்க்கவேண்டும்.