மூலையிற் கிடக்கும் மோட்டார் சைக்கிள்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நம் கருவிகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். நல்ல வழக்கம். ஆனால் கொட்டில் மூலையைச் சற்றுப் பாருங்கள். அப்பாவோ அம்மப்பாவோ ஓடிய பழைய ஹொண்டா ஐம்பது ஒன்று, காற்றுப்போன டயரோடு சாய்ந்து கிடக்கும். பொட்டு இட்டால் துரு மறையுமேயன்றி நீங்காது. கருவியைப் பேணுவதே கருவிக்குச் செய்யும் முதற் பூசை என்பது நமது எண்ணம்.

அந்தச் சிறிய வண்டியை எளிதாக எண்ணிவிடாதீர்கள். 1906இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் சோய்ச்சிரோ ஹொண்டா. யுத்தத்தால் நொந்துபோன யப்பானிலே, 1946இல், இராணுவத்தார் கழித்துவிட்ட சிறு இயந்திரங்களை எடுத்துச் சைக்கிள்களிற் பூட்டினார். பழையதைப் பயன்படுத்தியே அவர் தொடங்கினார். 1958இல் வெளிவந்த சுப்பர் கப் என்னும் 49 கன சென்றிமீற்றர் வண்டியின் வழிவந்தவையே நம் வீட்டு ஐம்பதுகள். 2017இல் அவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

இப்பொழுது இதைப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றார்கள். அந்த நாட்களில் சிக்கனமான பழைய வண்டியின் அருமை பலருக்கும் தெரிந்தது. பல இளைஞர் மூலையிற் கிடந்ததை வெளியே இழுத்தனர். அந்த முயற்சியை நாம் போற்றுகின்றோம். அதே வேளையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும்: வண்டியை ஓடச் செய்வது வேறு, வீதிக்குத் தகுதியாக்குவது வேறு.

முதலில் இயந்திரம். பல ஆண்டு நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் உதைக்கலாகாது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, ஓரிரவு ஊறவைத்து, மெல்லச் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். டாங்கியின் பழைய பெற்றோலை முற்றாக இறக்கிவிடுங்கள். அது பிசினாகிக் காபரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இந்த வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பெற்றோல் ஆவி காற்றிலும் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை செல்லும். பெற்றோலை அகற்றிய பின்னரே பிளக்கின் பொறியைச் சோதியுங்கள். பழைய ஐம்பதின் பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர், வால்வின் இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றர். இவற்றைக் கண்ணால் மதிக்க முடியாது. அளவுத் தகடு வேண்டும்.

அளவின் பெருமையை நமக்கு வேற்றூரார் வந்து சொல்லவேண்டியதில்லை. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் கற்றவர். வழக்கொழிந்த யாழைக் கணக்கும் அளவும் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பழையதை மீட்க ஆசை மாத்திரம் போதாது, அளவும் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அவரே நமக்குச் சான்று.

இயந்திரம் முழங்கியதும் தம்பிமார் வீதிக்கு விரைகின்றார்கள். அங்கேதான் ஆபத்து. கல்முனைப் பிரதான வீதியிலே பஸ்ஸும் லொறியும் ஓட்டோவும் நெருங்கி ஓடுகின்றன. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் குறுக்கே வருகின்றார்கள். ஓடத் தெரிந்து நிற்கத் தெரியாத வண்டி அவர்களுக்கு நடுவே என்ன செய்யும்? ஆகவே பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள். பழைய லைனிங்கிலே கல்நார் கலந்திருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தேய்ந்த சூவை மாற்றுங்கள். டயரிலே பூ நன்றாயிருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அது டயரன்று. கேபிளின் இழை அறுந்திருக்கின்றதா, கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா, செயின் இறுகிக் கிடக்கின்றதா என்று நோக்குங்கள். கடற்காற்றின் உப்பு வயர் மூட்டுகளைத் தின்றிருக்கும். அவற்றைச் சுத்தஞ்செய்தாலன்றி விளக்கு எரியாது.

பின்னர் பத்திரங்கள். இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கவேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் பெற்று, பிரதேச செயலகத்திலே வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். தலைக்கவசத்தைப் பற்றி இரண்டாம் பேச்சு இல்லை.

வீட்டில் இயலாத வேலையும் உண்டு. தெரியாத இடத்திலே தெரிந்தவரை நாடுவதில் வெட்கமில்லை. நம் பகுதியிலே கைதேர்ந்த பாஸ்மார் தமிழரிலும் இருக்கின்றார்கள், முஸ்லிம்களிலும் இருக்கின்றார்கள். பாண்டிருப்புப் பிள்ளை சாய்ந்தமருதிலே சூ வாங்குவதும், மருதமுனைப் பிள்ளை நம்மவர் கராச்சிலே வண்டி திருத்துவதும் நல்ல காரியங்கள். கையைத் திறந்து வேலை பழக்கும் மனிதரை எந்த வீதியிலே கண்டாலும் மதியுங்கள். கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் கையிலே ஒயில் படிந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். பௌதிகப் புத்தகத்திலே வாசித்ததை அவன் அங்கே கைகளாற் படிக்கின்றான். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். அவன் வண்டியை வீதிக்கு எடுக்கும் முன், “எங்கே மகன், பிரேக்கைப் பிடித்துக் காட்டு” என்று கேளுங்கள். அவன் காட்டிய பின்னர் வழி விடுங்கள்.