குருதியில் அமைந்த காப்பும் குறையும்

(காத்தோங்கில் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரே லயத்தில் உறங்கும் இரு குழந்தைகளை மலேரியாக் கொசு கடிக்கின்றது. ஒன்றுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு தணிகின்றன. மற்றொன்று வலிப்புற்று நினைவிழக்கின்றது. முற்காலத்துத் தோட்டங்களில் இதனை விதியென்று சொல்லித் தேற்றிக்கொண்டனர். காரணத்தின் ஒரு பகுதி குழந்தையின் குருதியிலேயே உள்ளதென அறிவியலார் கண்டுள்ளனர்.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்வது. அவ்வணுவின் அமைப்போ பெற்றோர் வழி வருவது. 1952ஆம் ஆண்டில் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு கண்டறியப்பட்டது. ஈராண்டு கழித்து, ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த ஆலிசன் என்பார், இப்பண்பைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைகளுக்கு மலேரியாவிலிருந்து காப்பு உண்டெனக் காட்டினார். கடுமையான மலேரியா அவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே எனப் பின்வந்த ஆய்வுகள் கூறும். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையோ கொடிய சோகைக்கு ஆளாகும். இயற்கை எதனையும் இலவசமாய்த் தருவதில்லை போலும்!

நமக்கு நெருக்கமானது ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு. சிவப்பணுவைச் சிதையாது காப்பது இந்நொதி. இது குறைந்த அணுவில் மலேரியாக் கிருமி செழிப்பதில்லை; மலேரியா மிகுந்திருந்த நாடுகளில் இக்குறை பரவியதற்கு அதுவே காரணமெனக் கருதுவர்.

இதற்குச் சிங்கப்பூர் கொடுத்த விலை பெரிது. 1950, 1960ஆம் ஆண்டுகளில், பிறந்த குழந்தைகள் பலர் கடும் மஞ்சட்காமாலையால் மூளை கெட்டு மாண்டனர். பேராசிரியர் வோங் ஹொக் பூன் முதலியோரின் ஆய்வில் இந்நொதிக்குறை முதன்மைக் காரணங்களுள் ஒன்றெனப் புலப்பட்டது. 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புட்கொடிக் குருதி சோதிக்கப்பட்டு வருகின்றது. அத்தகைய மூளைக்கேடு பின்னர் மிக அரிதாயிற்று. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. நோய் ஒழிந்தும், குருதிப் பண்பு தலைமுறைதோறும் தொடர்கின்றது.

சீன, மலாய்க் குழந்தைகளை நோக்க இந்தியக் குழந்தைகளிடம் இக்குறை குறைவே, ஆயினும் இல்லாமலில்லை. தாயிடமிருந்து மகனுக்கு வருவதால் ஆண் குழந்தைகளிடமே மிகுதியாய்க் காணப்படும். எனவே சோதனை முடிவைக் கேட்டறிந்து, அச்சீட்டைப் பத்திரப்படுத்துக. மலேரியாவுக்குத் தரப்படும் பிரிமாக்குவின் மருந்து இக்குறையுள்ளவர்களின் சிவப்பணுவைச் சிதைக்கக்கூடும். ஆதலால் மருந்து பெறுமுன் சீட்டை மருத்துவரிடம் காட்டுக.

பாட்டிமார் அன்போடு பெட்டியில் காத்து வைத்த பழைய குழந்தைத் துணிகளில் பாச்சை உருண்டை இட்டிருப்பர். அதன் ஆவியே இக்குழந்தைகளுக்கு நஞ்சாகும். அவ்வுருண்டையை வீட்டிலிருந்தே அகற்றுக. குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்தால், இளவெயிலில் காட்டினால் தீருமென்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.