குத்தகைக்காரன் பெயர் எங்கே?
(செப்டம்பர் 30, பி.எஸ்.ஆர். நினைவு நாள் கூட்டத்தில் பேசிய உரை)



நாத்து பறிக்கிற வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால ரொம்ப நேரம் பேசப் போறதில்லை. பி.சீனிவாசராவ் வாழ்க்கையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அதோட, நம்ம சங்கம் இப்போ எடுத்திருக்கிற குத்தகைப் பதிவு பிரச்னையையும் சொல்லணும். ரெண்டும் ஒண்ணுதான். எப்படின்னு சொல்றேன்.

பி.எஸ்.ஆர். நம்ம ஜில்லாக்காரர் இல்லை. 1907-ல் பிறந்தவர், கன்னட தேசத்திலிருந்து வந்தவர், பிராமணக் குடும்பம். சுதந்திரப் போராட்டத்துக்காகப் படிப்பை விட்டார், அந்நியத் துணி மறியலில் போலீஸ் தடியடி வாங்கினார், ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில்தான் கம்யூனிஸ்ட் ஆனார். 1943-ல் கட்சி அவரைக் கீழத்தஞ்சைக்கு அனுப்பியது. அவர் பேசின தமிழில் கடைசி வரைக்கும் கன்னட வாடை போகலைன்னு பெரியவங்க சொல்வாங்க. ஆனா அந்தத் தமிழ் சேரியில் இருந்த கடைசி ஆளுக்கும் புரிஞ்சுது. சேரியிலேயே தங்கினார், அவங்க கொடுத்ததையே சாப்பிட்டார். 1943-ல் ஒரு பிராமணர் அப்படிச் செய்தார்னா அது என்னன்னு இன்னிக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது.

அப்போ கீழத்தஞ்சை எப்படி இருந்தது? வேலிக்கணக்கில் நிலம் மிராசுதாரர்கிட்டேயும் மடத்துகிட்டேயும் கோயில்கிட்டேயும் இருந்தது. வேலை செய்யறவன் ஒண்ணு பண்ணையாள், இல்லைன்னா குத்தகைக்காரன். பண்ணையாளுக்கு நேரங்காலம் கிடையாது. தாமதமா வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். கூலி அளக்கிற மரக்கால் இருக்கே, அது பண்ணைக்குப் பண்ணை வேற. வாங்குறதுக்கு ஒரு மரக்கால், கொடுக்கறதுக்கு ஒரு மரக்கால். குத்தகைக்காரனுக்கு அடி கிடையாது, ஆனா சீட்டும் கிடையாது. இந்த வருஷம் நீ பயிர் பண்ணு, அடுத்த வருஷம் பார்க்கலாம், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மன்னார்குடி பக்கம் தென்பரையில்தான் முதல் சங்கம். அங்கே மடத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தவங்கதான் முதலில் செங்கொடி ஏத்தினாங்க. அப்புறம் களப்பால். 1944-ல் களப்பாலில் ஒரு ஒப்பந்தம் ஆச்சு. சவுக்கடியும் சாணிப்பாலும் நிக்கணும், சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலில்தான் கூலி அளக்கணும், இதுதான் அன்னிக்கு சங்கம் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது. அந்த முத்திரை மரக்கால் கோரிக்கையை நான் பெரிசா நினைக்கிறேன். கூலியை ஏத்திக் கொடுன்னு மட்டும் கேட்டிருந்தா, மரக்காலை சின்னதா செய்துட்டுப் போயிருப்பாங்க. அளவு வெளியில் தெரியணும், எல்லாருக்கும் பொதுவா இருக்கணும், நாலு பேர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடணும்னு பி.எஸ்.ஆர். கேட்டார். ஆளை நிக்க வைத்துப் பேசின மிராசுதார், அதே ஆளோட சங்கத்துக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது தஞ்சை ஜில்லாவுக்குப் புதுசு.

இதெல்லாம் சும்மா நடந்துடலை. 1948-ல் கட்சிக்குத் தடை. பி.எஸ்.ஆர். தலைமறைவு. களப்பால் குப்பு அந்த வருஷம் சிறையிலேயே செத்தார். 1950-ல் வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது.

1952-ல் ராஜாஜி முதலமைச்சர். கம்யூனிஸ்டுகளைக் கண்டால் ஆகாதவர். அவர்தான் அந்த ஆகஸ்டு மாசம் தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தார். விளைச்சலில் அஞ்சில் ரெண்டு பங்கு குத்தகைக்காரனுக்குன்னு ஆச்சு. ஆனா ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கிட்ட, வைத்திருந்தவங்களுக்குத்தான் அந்தச் சட்டம். உடனே என்ன பண்ணினாங்க? நிலத்தை மச்சான் பேரிலும் மாமன் பேரிலும் பிரிச்சாங்க. சொந்தப் பயிர்னு சொல்லி ஆளை வெளியேத்தினாங்க. பண்ணையாள் தினக்கூலி ஆனான். இதை மறைக்க வேண்டியதில்லை, சட்டம் வந்த வேகத்திலேயே ஓட்டையும் வந்தது.

1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். நஞ்சையில் நிலச்சொந்தக்காரனுக்கு நூத்துக்கு 40. 1980-ல் அது 25 ஆச்சு. 1961-ல் நில உச்சவரம்பு மசோதா. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு சொல்லிட்டு, தோப்புக்கு விலக்கு, கரும்புப் பண்ணைக்கு விலக்கு, கோயில் மடத்துக்கு விலக்கு. அதை எதிர்த்து செப்டம்பரில் மறியல், ஆயிரக்கணக்கில் கைது. அந்தப் போராட்டம் நடக்கும்போதே, 1961 செப்டம்பர் 30-ல் பி.எஸ்.ஆர். இறந்துபோனார். வயசு 54. திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கு, போகாதவங்க ஒரு தடவை போய் வாங்க.

இந்த மாதிரி ஆள் நம்ம ஊரில் மட்டும் இல்லை. நம்மளைப் போலவே வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த இன்னொரு நாடு அயர்லாந்து. அங்கே மைக்கேல் டேவிட்னு ஒருத்தர். 1846-ல் குத்தகைக் குடும்பத்தில் பிறந்தவர். நாலு வயசில் அவர் குடும்பத்தை நிலச்சுவான்தார் வீட்டை விட்டே துரத்தினான். பஞ்சாலை வேலைக்குப் போய் 11 வயசில் வலது கையை மெஷினில் இழந்தார். ஜெயில் பார்த்தார். 1879-ல் நிலச் சங்கம் ஆரம்பித்தார். ஜெயிலில் இருக்கும்போதே ஜனங்க அவரை 1882-ல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தாங்க. கைதின்னு சொல்லி அந்தத் தேர்தலைச் செல்லாதுன்னுட்டாங்க. அப்புறம் எம்.பி. ஆகி, போயர் யுத்தத்தை எதிர்த்து 1899-ல் அதையும் ராஜினாமா செய்தார். அவர் சங்கத்து ஆளுங்க 1880-ல் ஒரு நிலச்சுவான்தாரோட ஏஜெண்டுக்கு அறுப்பு அறுக்க மாட்டோம், கடையில் சாமான் கொடுக்க மாட்டோம்னு நின்னாங்க. அந்த ஏஜெண்ட் பேர் பாய்காட். நாம இன்னிக்கு ‘பாய்காட்’ பண்றோம்னு சொல்றோமே, அந்த மனுஷன் பேருதான் அது! அவங்க கேட்டதும் நியாயக் குத்தகை, நிலத்தை விட்டு வெளியேத்தாத உரிமை. 1881-ல் சட்டம் வந்தது. குத்தகை எவ்வளவுன்னு கோர்ட்டே நிர்ணயம் பண்ணி எழுதி வைக்க ஆரம்பிச்சுது.

எழுதி வைக்கிறதுன்னு சொன்னேன் பாருங்க, அங்கேதான் நம்ம பிரச்னை இருக்கு.

நம்ம மாநிலத்தில் 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம் வந்தாச்சு. பயிர் செய்யறவன் பேரை அரசாங்கப் பதிவேட்டில் ஏத்தணும்னு சட்டம். இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களில் எத்தனை பேர் குத்தகைக்குப் பயிர் பண்றீங்க, கை தூக்குங்க. சரி. எத்தனை பேர் பேரு பதிவேட்டில் இருக்கு? பார்த்துக்குங்க, கை எங்கே போச்சு.

புயல் வந்தால், அறுப்பு நேரத்தில் மழை வந்தால், நஷ்டம் யாருக்கு? உழவு, விதை, உரம், நடவு ஆள் கூலி, எல்லாம் நாம் போட்டது. ஆனா நிவாரணம் கேட்டால் சிட்டா கொண்டா, கூட்டுறவுக் கடனுக்குப் போனால் சிட்டா கொண்டா, கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கினால் சிட்டா, அடங்கல் கொண்டா. சிட்டா ஊரில் இல்லாதவர் பேரில். நிவாரணமும் அவர் பேங்க் கணக்குக்குத்தான் போகுது. நல்ல மனுஷன்னா கொடுப்பார். இல்லைன்னா? அப்பா காலத்திலிருந்து நாப்பது வருஷம் ஒரே மூணு மா நிலத்தைப் பயிர் செய்யற ஒருத்தர் என்கிட்டே சொன்னார்: “அண்ணே, கேட்டால் நிலத்தைக் கேட்டுடுவாங்கன்னு பயமா இருக்கு.” இந்தப் பயம்தான் 1943-ல் தென்பரையிலும் இருந்தது.

ஒரு விஷயத்தை மனசில் வையுங்க. சொந்த உடல் உழைப்போட பயிர் செய்யற குத்தகைக்காரனை வாய்வார்த்தையில் வெளியேத்த 1955 சட்டத்தில் இடமில்லை, வருவாய் கோர்ட்டுக்குத்தான் போகணும். குத்தகையை வாங்க மறுத்தால் அந்தக் கோர்ட்டிலேயே கட்டலாம். ஆனா நீ குத்தகைக்காரன்னு காட்ட எதாவது இருக்கணும் இல்லையா? ரசீது கேளுங்க. ரசீது கொடுக்காதவங்களுக்கு மணியார்டர் மாதிரி ருசு இருக்கிற வழியில் அனுப்புங்க.

சில தோழர்கள், நிலச்சொந்தக்காரர்களும் சின்ன விவசாயிதானே, அவங்களோட ஏன் சண்டைன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ரெண்டு மா நிலம் வைத்திருக்கிற விதவைத் தாயார் மேல் நம்ம சங்கம் பாயாது. அங்கே உட்கார்ந்து பேசிக்கலாம். நாம் முதலில் எடுக்கிறது கோயில் நிலம், மடத்து நிலம், ஊரில் இல்லாத பெரிய சொந்தக்காரங்க நிலம்.

பதிவேட்டில் பேர் ஏத்தறதுக்கான மனு படிவம் கிளைச் செயலாளர்கிட்டே இருக்கு. சர்வே நம்பர், எத்தனை வருஷமா பயிர், பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் சாட்சி, பழைய ரசீது இருந்தால் அதோட நகல். எழுதத் தெரியாதவங்களுக்கு நம்ம பிள்ளைங்க எழுதிக் கொடுப்பாங்க. தனித்தனியா கொண்டுபோய்க் கொடுக்காதீங்க. ஊர் மனுவெல்லாம் சேர்ந்ததும் ஒரே நாளில் தாலுகா ஆபீஸுக்குப் போறோம். கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் தேதி போட்ட ரசீது கையில் வாங்காமல் யாரும் திரும்பப் போறதில்லை. சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க.