உப்பும் சர்க்கரையும் தந்த வைத்தியர்

கல்கத்தாவிலிருந்து வடகிழக்கே எல்லையை நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் பன்காவ் என்றோர் ஊர் உண்டு. வங்கத்தில் குடியேறி வாழும் நம்மவர் சிலர் அவ்வூரைக் கண்டிருக்கலாம். 1971-ஆம் ஆண்டில், கிழக்குப் பாகிஸ்தானில் மூண்ட போருக்கு அஞ்சி ஓடிவந்த இலட்சக்கணக்கான அகதிகள் அதன் சுற்றுப்புறத்தில் அடைக்கலம் புகுந்தனர். மழை பிடித்துக்கொண்டது, காலராவும் பரவிற்று.

அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கச் சென்றவர் டாக்டர் திலீப் மகலனோபிஸ். 1934-இல் பிறந்தவர், குழந்தை வைத்தியத்தில் தேர்ந்தவர், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். பன்காவ் ஆஸ்பத்திரியில் அவர் கண்டவை இரண்டே அறைகள்; தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஸலைன் ஏற்றுவதற்குக் கழிவின் நடுவே மண்டியிட வேண்டியிருந்தது. அந்த ஸலைனும் தீர்ந்துகொண்டே வந்தது.

காலரா, உடலிலுள்ள நீரையும் உப்பையும் வற்றடித்துக் கொல்லும் நோய். சர்க்கரையோடு கலந்து கொடுத்தால் குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதை ஆராய்ச்சியாளர் அறிந்திருந்தனர். 1968-இல் டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்திருந்தனர். ஆனால் அவை வைத்தியர்கள் அருகிருந்து அளந்து நடத்திய சோதனைகள். எழுத்தறியாத தாயின் கையில் குவளையைத் தந்து, "குழந்தைக்கு நீயே புகட்டு" என்று சொல்வதோ வேறு காரியம். அத்துணிவு வைத்திய உலகுக்கு எளிதில் வரவில்லை.

மகலனோபிஸ் துணிந்தார். வேறு வழியும் அவருக்கு இருக்கவில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமுக்குக் கொண்டுவந்து, பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். உறவினர் குவளைகளில் பிடித்துச் சென்று நோயாளிகளுக்கு ஊட்டினர்.

இங்கே ஒரு சொல்லின் கதையும் உண்டு. சொற்களை எடைபோட்டே பிழைப்பு நடத்தும் மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அது மிகவும் சுவையானது. ஊசி வழியே ஏற்றினால்தான் வைத்தியம் என்று மக்கள் நம்பியிருந்தனர்; வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுவதாக ஐயுற்றனர். ஆகவே அந்நீருக்கு 'வாய்வழி ஸலைன்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியதும் தயக்கம் தளர்ந்தது. நம் ஊர்களிலும் 'குளுக்கோஸ் ஏற்றினால்தான் திருப்தி' என்போர் இன்றும் குறைவில்லையே!

நூற்றுக்கு முப்பது பேர் மடிந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பிலிருந்தவர்களில் மடிந்தோர் நூற்றுக்கு 3.6 என்ற அளவாயிற்று. கரைசல் செய்யும் முறையை விளக்கும் துண்டுத்தாளை எல்லையோரம் வழங்கினார். வங்காளதேச விடுதலைப் போராளிகளின் இரகசிய வானொலியும் அதனை ஒலிபரப்பியது. வானொலி வழியே மருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அற்புதம் அது!

எனினும் மருத்துவப் பத்திரிகைகள் உடனே மகிழ்ந்து ஏற்கவில்லை. கட்டுரை 1973-இல்தான் அச்சேறியது. 1978-இல் உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் மகலனோபிஸும் அப்பணியில் சேர்ந்து பல நாடுகளுக்கு இம்முறையைக் கொண்டு சென்றார். ஒரு வார்டில் நோயாளிகளைப் பார்த்துவந்த குழந்தை வைத்தியர், கோடிக்கணக்கான குழந்தைகளின் நலனைத் திட்டமிடுபவரானார்.

2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதற்குள் அவருடைய பொட்டலம் மருந்துக் கடைதோறும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணப் பண்டமாகிவிட்டிருந்தது. அதை வாங்குவோரில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.