மூன்று மணி நேரப் பள்ளி

பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகளும், கரிசல் வெயிலில் இளையரசனேந்தல் வரை வந்த பெற்றோரும் காத்திருக்கிறார்கள். ஆயுசு முழுக்க வரலாறு நடத்திய இந்த வாத்தியாரை மேடையேற்றினால் ராஜாஜியைப் பற்றிப் பேசாமல் இறங்கமாட்டார்.

பழமைவாதி என்றால் எதையும் மாற்றவிடாதவர் என்றொரு நினைப்பு உண்டு. 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது ஆட்சியில் இருந்து, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்தவர் ராஜாஜி. சாதி பார்க்காமல் மகளைக் காந்தியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். ஆனாலும் குடும்பம், ஊர், தொழில் எல்லாம் நெடுங்காலம் பழகிவந்த ஏற்பாடுகள், அரசாங்கம் அவற்றில் கைவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு எட்மண்ட் பர்க் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்.

அந்த நம்பிக்கை இடறி விழுந்தது 1953-இல், முதல்வராக இருந்து அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தில். கிராமத் தொடக்கப் பள்ளியில் நாளைக்கு மூன்று மணி நேரம் பாடம், இரண்டு ஷிப்ட். மிச்சப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். காசில்லாத அரசாங்கத்துக்குக் கணக்கு சரிதான். செருப்புத் தைப்பவரின் மகன் சாயங்காலம் எங்கே போவான்? பெரியாரும் திமுகவும் பிடித்துக்கொண்ட இடம் அது. ‘குலக்கல்வி’ என்ற பெயர் ஒட்டியது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், திட்டம் போயிற்று. அவர் ஆட்சியில், 1956-இல், இங்கே பக்கத்து எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறினார்கள்.

இந்த வாத்தியார் மாணவராக இருந்தபோது விடுதி மெஸ்ஸில் சாம்பார் ஆறுவதுகூடத் தெரியாமல் குலக்கல்வித் திட்டத்தை வைத்துச் சண்டை நடக்கும். திட்டத்தை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர்கூட வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர் இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அப்படி முதல் ஆள் என்று கேட்டால் தெரிந்துவிடும், வென்றது எந்தப் பக்கம் என்று.

ராஜாஜி ஓயவில்லை. ஆவடியில் 1955-இல் காங்கிரஸ் சோஷலிச பாணி சமுதாயம் என்றது; 1959 நாக்பூர் மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை என்றது. அந்த ஆண்டே என்.ஜி. ரங்கா, மினூ மசானி ஆகியோருடன் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார், எண்பது வயதில். ஜெய்ப்பூர் ராணி காயத்ரி தேவி வந்தார், பழைய ஜமீன்தார்களும் வந்தார்கள். 1948 சட்டத்தோடு ஜமீன் போன இந்த ஊரில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. ‘ராஜாக்கள் கட்சி’ என்ற ஏச்சு முழுப் பொய்யும் இல்லை.

1967 மக்களவையில் 44 இடங்கள், எதிர்க்கட்சிகளில் முதலிடம். சென்னை மாநிலத்தில் அவர் கைகோத்தது, குலக்கல்வியை எதிர்த்து மறியல் செய்த அதே திமுகவுடன்! 1971-இல் எட்டு இடங்களாகச் சுருங்கிய கட்சி, 1974-இல் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அவர் திட்டித் தீர்த்த பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்தை 1991-இல் பெருமளவு கலைத்தது, அவர் எதிர்த்த காங்கிரசின் ஆட்சியே.