பத்து நிமிடம் போதும்

(பெங்களூரில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் படிக்கும் ஓர் இரவு வகுப்பில் ஒரு தச்சர் பேசியது)

நான் பேசிப் பழகியவன் இல்லை. உளி பிடித்துப் பழகியவன். "உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஆசிரியர் கேட்டார். அதனால் வந்தேன். கருவிகளைப் பேணுவது பற்றிப் பேசப் போகிறேன்.

என் வீட்டு வாசலில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதுதான் என் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் செய்வேன். கொக்கி, கம்பி போன்ற இரும்பு வேலையும் செய்வேன்.

நீங்கள் எல்லோரும் தச்சர்கள் இல்லை. ஆனால் கருவி இல்லாத வீடு உண்டா? அரிவாள்மனை இருக்கும். மண்வெட்டி இருக்கும். ஒரு சுத்தியாவது இருக்கும். ஆகவே இந்தப் பேச்சு எல்லோருக்கும்தான்.

ஒரு கண் போனது

என் அக்காள் மகன் என்னிடம் தொழில் பழகினான். அப்போது அவனுக்கு 19 வயது. ஒரு நாள் பழைய கதவு ஒன்றைப் பிரித்தோம். துருப்பிடித்த ஆணி வரவில்லை. வெட்டிரும்பை வைத்துச் சுத்தியால் ஓங்கி அடித்தான்.

"ஐயோ மாமா!" என்று கத்தினான். கண்ணைப் பொத்திக்கொண்டான். விரலிடையில் ரத்தம் வழிந்தது.

வெட்டிரும்பின் தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஏன் சில்லு தெறித்தது? வெட்டிரும்பை அடிக்க அடிக்க அதன் தலை நசுங்கும். காளான் குடைபோல விரியும். விளிம்பில் வெடிப்பு விழும். பிறகு ஓர் அடியில் விளிம்பு உடைந்து பறக்கும்.

அந்தத் தலை விரிந்திருந்ததை நான் பல மாதங்களாகப் பார்த்தேன். நாளைக்குச் சாணை பிடிக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். அது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை.

அவன் இன்றும் என்னோடுதான் வேலை செய்கிறான். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை.

முதலில் இவற்றைப் பாருங்கள்

வெட்டிரும்பின் தலை விரிந்திருக்கிறதா? விரிந்த விளிம்பைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து எடுங்கள். சாணை பிடிக்கும்போதும், இரும்பை அடிக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

சுத்தியின் பிடி ஆடுகிறதா? பலர் அதைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். மரம் ஊறி உப்பும். பிடி இறுகியது போல இருக்கும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். பிறகு தலை கழன்று பறக்கும். பிடியின் நுனியில் ஆப்பு அடித்து இறுக்குவதுதான் சரி. பிடி வெடித்திருந்தால் புதுப் பிடி போடுங்கள். துணி சுற்றி ஏமாறாதீர்கள்.

அரத்திற்குப் பிடி இருக்கிறதா? அரத்தின் வால் கூரானது. பிடி இல்லாமல் ராவினால், ஒரு தடுக்கலில் அது உள்ளங்கையில் ஏறிவிடும்.

துருப்பிடித்த கருவி செத்துவிட்டதா?

இரும்பு, தண்ணீர், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு வரும். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. அது துருவை விரைவாக்கும். துரு பொருபொரு என்று இருக்கும். அதன் வழியே ஈரம் மேலும் உள்ளே போகும். இரும்பு மேலும் அரித்துப் போகும்.

டில்லியில் குதுப்மினார் அருகே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. உயரம் 7 மீட்டருக்கு மேல். எடை 6 டன்னுக்கு மேல். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுக் கொல்லர்கள் செய்தது. வெயிலிலும் மழையிலும் நின்றும் அது அரித்துப் போகவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் என்னும் பொருள் கூடுதலாக இருக்கிறது. அதனால் தூணின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது.

நம் உளிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு நாம்தான் காப்புப் போட வேண்டும். அந்தக் காப்பு ஒரு சொட்டு எண்ணெய்.

என் அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஓர் உளி, ஓர் இழைப்புளி. இரண்டும் செந்துருவாக இருந்தன. "பழைய இரும்புக்காரனுக்குப் போடு" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை.

உளியின் பிடியைக் கழற்றினேன். கெட்டியான புளிக்கரைசலில் இரும்பை ஓர் இரவு ஊற வைத்தேன். வினிகரும் போடலாம். புளிப்பு துருவை இளக்கும். காலையில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன். உடனே துடைத்து, வெயிலில் காய வைத்து, எண்ணெய் தடவினேன். கழுவித் துடைக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடியும் துரு வந்துவிடும். நாள்கணக்கில் ஊற விட்டாலோ புளிப்பு நல்ல இரும்பையும் தின்னும்.

இழைப்புளியின் அலகையும் அப்படியே செய்தேன். அதன் மரக்கட்டையின் அடிப்பக்கம் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்துச் சமமாக்கினேன். அப்பா இழைத்த அதே இழைப்புளியில் இன்று நான் இழைக்கிறேன்.

கூர் தீட்டுவது எப்படி?

"கூரான உளி கையை வெட்டும்" என்று பயப்படுகிறோம். மழுங்கிய உளிதான் அதிகம் வெட்டும். ஏன்? அதை முழுப் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளும்போது வழுக்குகிறது. எதிரே கை இருக்கிறது.

உளியின் ஒரு பக்கம் தட்டை. மறு பக்கம் சரிவு. சரிவு எவ்வளவு இருக்க வேண்டும்? 25 முதல் 30 பாகை. பாகையை அளக்கக் கருவி இல்லையா? கவலை வேண்டாம். சரிவின் நீளம் அலகின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். அதுதான் 30 பாகை.

சரிவைத் தீட்டுகல்லில் படிய வைத்துத் தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் மெல்லிய பிசிறு தட்டும். அப்போது திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு ஒட்ட வைத்து லேசாகத் தேயுங்கள். பிசிறு போய்விடும். தட்டைப் பக்கத்தை ஒருபோதும் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

மின்சாரச் சாணையில் பிடித்தால் கவனம் வேண்டும். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். அலகு சூடேறி நீல நிறம் வந்தால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அங்கே கூர் நிற்காது. நீலம் பட்ட பகுதியைத் தேய்த்து நீக்க வேண்டியதுதான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்கள். நாமும் உளியைத் தீட்டாமல் மரத்தைத் திட்டுகிறோம்.

பூசை ஒரு நாள், பேணுவது தினமும்

நாம் ஆயுத பூசை செய்கிறோம். கருவிகளைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். வடக்கிலும் கிழக்கிலும் செப்டம்பர் மாதம் விசுவகர்மா பூசை செய்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் துரு ஆண்டு முழுவதும் வேலை செய்கிறதே! அதற்கு விடுமுறை கிடையாது.

தினமும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என் பட்டறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இதே வகுப்பில் கற்ற எழுத்தில் நானே எழுதியது. அதைப் படிக்கிறேன்.

1. வெட்டிரும்பின் தலையைப் பார்.
2. சுத்தியின் பிடி ஆடுகிறதா என்று பார்.
3. அரத்தின் பல்லில் சிக்கிய தூளைக் கம்பிப் பிரஷ்ஷால் எடு.
4. உளியைத் தீட்டு.
5. எல்லாவற்றையும் துடை. எண்ணெய் தடவு. ஈரமில்லாத இடத்தில் வை.

கீழே ஒவ்வொரு நாளும் தேதி எழுதுகிறோம். வேலையைச் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் தாளில் அதிகக் கையெழுத்து என் அக்காள் மகனுடையதுதான். முதல் வரியை அவன் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.