துணைவர் பெயரில் உள்ள ஓய்வூதியம்: கேட்டுப் பெறுவோம்
(திருமுக்கூடலில் நடந்த குடிமக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் இது. இங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்த்திருப்பீங்க. வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே 15 படுக்கைகளோடு ஒரு ஆதுலர் சாலை இருந்தது. அதில் வேலை பார்த்தவர்களுக்கு எவ்வளவு நெல் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்ன சேர வேண்டும் என்பது பதிவில் இருக்கணும். இன்றைக்கு நான் பேச வந்ததும் அதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி வந்தாங்க. பட்டுத்தறி நெய்பவர். கணவர் தொழிற்சாலையில் 4 வருஷம் வேலை பார்த்து, பணியில் இருக்கும்போதே இறந்துட்டார். "பத்து வருஷம் சர்வீஸ் இருந்தால்தானே பென்ஷன்?" என்று யாரோ சொன்னதை நம்பி, 2 வருஷமா விண்ணப்பமே போடலை.

அந்தப் 10 வருஷக் கணக்கு, தொழிலாளி 58 வயதில் தானே வாங்கும் ஓய்வூதியத்துக்குத்தான். 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாகக் கிடைக்கும். இறந்த மறுநாளிலிருந்தே கணக்கு. அதனால் தாமதமாயிடுச்சே என்று விட்டுடாதீங்க. வேலைக்குப் போன மனைவி இறந்தால் கணவருக்கும் இதே உரிமை.

மூன்று விண்ணப்பங்களை மறக்காதீங்க: ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி, பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, காப்பீட்டுத் தொகைக்குப் படிவம் 5ஐஎஃப். காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை. இறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், கணவரின் யு.ஏ.என். எண் கையில் இருக்கட்டும்.

"பிரிந்து வாழ்கிறோம், எனக்கு உண்டா?" என்று கேட்கிறாங்க. சட்டப்படி விவாகரத்து ஆகாத வரை நீங்கள் மனைவிதான், உரிமை போகாது. விவாகரத்து ஆகிவிட்டால் உங்களுக்கு இல்லை, ஆனால் பிள்ளைகளின் பங்கு இருக்கும். அமெரிக்காவில் திருமணம் 10 வருஷம் நீடித்திருந்தால், முன்னாள் துணைவரின் கணக்கிலும் கேட்கலாம். நம்ம திட்டத்தில் அந்த வழி இல்லை. கணவரை இழந்தவர் மறுமணம் செய்தால் அவருடைய ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதையும் தெரிஞ்சுக்கோங்க.

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களுக்குத் தனியாகக் குடும்ப ஓய்வூதியத் திட்டம் இருக்கு. சங்க அலுவலகத்தில் கேளுங்க.

இப்போ செல்போனை எடுங்க. வேலைக்குப் போகிறவர் ஆன்லைனில் வாரிசு நியமனம் செய்திருக்கிறாரா என்று பாருங்க. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் அது செல்லாது; புதிதாகப் போடணும். விவரம் பதிந்தால் மட்டும் போதாது, ஆதார் வழியாக இ-கையொப்பமும் முடிக்கணும். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கா என்றும் பாருங்க. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே உயிர்வாழ் சான்று தரலாம். அது ஒரு வருஷம் செல்லும்.

அந்தச் சகோதரி இப்போது விண்ணப்பம் போட்டிருக்காங்க. உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லுங்க.